பழைய தபாலாபீஸ் கட்டடத்தைப் பார்ப்பது எப்படி: கடிதம் போன வழியிலேயே போங்கள்

சென்னைப் பாரிமுனைப் பக்கம் பழைய கட்டடம் பார்க்கக் கூட்டமாகப் போகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ராஜாஜி சாலையில் ஜி.பி.ஓ. (பொதுத் தபாலாபீஸ்) முன்னால் நிற்பார்கள், ஒருவர் "இந்தோ சாரசெனிக்" என்று, இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கட்டடக்கலையைக் கலந்த பிரிட்டிஷ் காலப் பாணியின் பெயரைச் சொல்வார், எல்லாரும் அண்ணாந்து இரண்டு கோபுரத்தையும் பார்ப்பார்கள், செல்போனில் நாலு படம், அவ்வளவுதான், அடுத்தது ஸ்டேட் பாங்க் என்று நகர்ந்துவிடுவார்கள். அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டதால் என்ன தெரிந்தது? ஹைகோர்ட்டும் அதே பாணிதான், சேப்பாக்கத்துச் செனட் ஹவுஸும் அதேதான், அந்த ஸ்டேட் பாங்க் கட்டடமும் அதேதான். ஒன்றில் வழக்கு நடக்கிறது, ஒன்று பல்கலைக்கழகத்துக்காகக் கட்டியது, ஒன்றில் பணம் புழங்கியது, இங்கே கடிதம் வந்து போனது. அந்த வித்தியாசம் கட்டடத்தில் எங்கே தெரிகிறது என்று யாரும் கேட்பதில்லை.

என் வழி ஒன்றுதான். முதலில் வேலையைப் பாருங்கள், பாணியை அப்புறம் பார்க்கலாம். ஒரு கடிதம் எந்தப் பக்கம் நுழைந்தது, எந்த மேசைக்குப் போனது, எந்தக் கதவு வழியாக வெளியேறியது என்று மனதுக்குள் அதன் பின்னாலேயே போனால், சுவரும் ஜன்னலும் தாழ்வாரமும் ஏன் அந்த இடத்தில் இருக்கின்றன என்பது தானாக விளங்கும். இன்னும் தபாலாபீஸாகவே நடக்கிற கட்டடத்துக்கும் இது பொருந்தும், தபாலாபீஸாக இருந்து இப்போது கிடங்காகவோ ஹோட்டலாகவோ பூட்டிக் கிடக்கிற வீடாகவோ ஆகிவிட்டதற்கும் பொருந்தும். சொல்லப்போனால் இரண்டாவது வகைக்குத்தான் இது அதிகம் தேவை, ஏனென்றால் அங்கே போர்டு இருக்காது, கேட்டால் சொல்வதற்கும் ஆள் இருக்க மாட்டார்.

பயிற்சிக்கு ஜி.பி.ஓ.வை எடுத்துக்கொள்வோம். பெரியது, சுலபமாகப் போகலாம், கதையும் இருக்கிறது.

கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

நிறையப் படிக்க வேண்டாம். நாலைந்து ஆண்டுகள் மனதில் இருந்தால் போதும். மெட்ராஸ் ஜி.பி.ஓ. 1786 ஜூன் 1 அன்று, ஆளுநர் ஆர்ச்சிபால்ட் கேம்பெல் காலத்தில், கோட்டைக்குள்ளே தொடங்கியது. கம்பெனிக்காரர்களின் கடிதமும் வியாபாரிகளின் கடிதமும்தான் அப்போது பிரதானம், அதற்குப் பெரிய கட்டடம் எதுவும் தேவைப்படவில்லை. 1854 அக்டோபரில் நாடு முழுக்கச் செல்லுபடியாகிற தபால்தலை வந்தது, கால் தோலா எடைக்குள் உள்ள கடிதத்துக்கு எவ்வளவு தூரமானாலும் அரையணா என்றானது. தூரத்தைப் பார்த்துக் காசு வாங்கிய காலம் அதோடு போனது. ஒரே கட்டணம், அதுவும் குறைந்த கட்டணம் என்றானால் கடிதம் குவியத்தானே செய்யும்? 1856ல் ஜி.பி.ஓ. கோட்டையை விட்டு பிராட்வேக்கு வந்தது, அதாவது இன்றைய பிரகாசம் சாலை. அங்கே கார்டன் ஹவுஸ் என்ற கட்டடத்தில் முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. 1884ல்தான் இப்போதைய கட்டடத்துக்குக் குடிவந்தது.

இந்த வரிசையைப் பார்த்தாலே ஒன்று புரியும். முதல் இரண்டு இடமும் வேறு காரியத்துக்கு இருந்ததற்குள் தபாலை நுழைத்தது. மூன்றாவதுதான் தபாலுக்காகவே யோசித்துக் கட்டியது. நாம் பார்க்கப் போவது அந்த யோசனையை.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தச் சாலைக்கு அந்தக் காலத்தில் ஃபர்ஸ்ட் லைன் பீச் என்று பெயர், அதற்கு எதிரேயே கடல். அப்போது துறைமுகம் இல்லாத ஊர் இது. கப்பல் தள்ளி நிற்கும், மசூலா படகில் ஆளும் சரக்கும் தபாலும் அலையைத் தாண்டிக் கரைக்கு வரும். 1875ல் துறைமுகத்துக்கு அடிக்கல் வைத்தார்கள், 1881 புயல் அதுவரை கட்டியதைப் பெரும்பாலும் அடித்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். அதற்குள் ரயில் வந்துவிட்டது: 1856ல் ராயபுரம், 1873ல் சென்ட்ரல், நடுவில் 1871ல் ராய்ச்சூர் வழியாக பம்பாயோடு இணைப்பு. ஆகவே 1884ல் கடலைப் பார்த்துக் கட்டடம் எழுந்தபோது பம்பாயில் இறங்குகிற இங்கிலாந்துத் தபால் தண்டவாளத்தில் வந்து சேர வழி இருந்தது. பிறகு ஏன் கடற்கரைச் சாலை? வங்கிகளும் ஏஜென்சி ஹவுஸ் என்ற பெரிய வியாபார நிறுவனங்களும் இருந்தது அங்கேதான். பெரிய வாடிக்கையாளர்கள் எங்கேயோ அங்கே தபாலாபீஸ். இது என் கணிப்புதான், ஆனால் அந்தச் சாலையில் ஒருமுறை நடந்தால் நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள்.

எப்போது போவது, எங்கே நிற்பது

காலையில் போங்கள். கட்டடத்தின் முகம் கிழக்கே பார்க்கிறது, மதியத்துக்கு மேல் போனால் முகப்பு நிழலில் இருக்கும், பின்னால் வானம் வெளிறிப்போய் இருக்கும், படமும் வராது, செங்கல்லின் நிறமும் தெரியாது. கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம், மெட்ரோ என்றால் ஹைகோர்ட் நிலையம். வேலை நாளில், கவுன்ட்டர் திறந்திருக்கிற நேரத்தில் போவதுதான் சரி. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்காது என்று போகிறவர்கள் வெளிச்சுவரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

வாசலுக்கு நேரே போய் நிற்காதீர்கள். சாலையின் எதிர்ப்பக்கம் போங்கள் (டிராஃபிக்கைப் பார்த்துக் கடக்கவும், அந்தச் சாலையில் லாரிக்காரர்கள் கட்டடக்கலை பார்க்க வருபவருக்காக பிரேக் போடுவதில்லை). அங்கிருந்து பார்த்தால்தான் நீளம் தெரியும். 352 அடி நீளம், 162 அடி அகலம், இரண்டு கோபுரமும் 125 அடி உயரம். உயரத்தைப் பார்த்து வியப்பவர்கள்தான் அதிகம், நான் நீளத்தைப் பார்க்கச் சொல்வேன். நீளமான கட்டடம் என்றால் பக்கத்தில் பக்கத்தில் நிறைய ஜன்னல் வைக்கலாம், நிறைய மேசைக்கு வெளிச்சம் கிடைக்கும். 1884ல் சென்னையில் மின்சார விளக்கு கிடையாது. யாரோ அவசரத்தில் கிறுக்கிய விலாசத்தை ஒரு குமாஸ்தா பகல் வெளிச்சத்தில் வாசித்தாக வேண்டும், அதுவும் தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் என்று வரிசையாக வரும். ஜன்னல் வரிசையை அந்தக் குமாஸ்தாவின் கண்ணால் பாருங்கள்.

இப்போது கோபுரத்துக்கு வரலாம். கட்டடத்தை வடிவமைத்தவர் ராபர்ட் ஃபெலோஸ் சிஷோல்ம், மெட்ராஸ் அரசின் ஆலோசனைக் கட்டடக்கலைஞர். செனட் ஹவுஸ் அவருடையது, திருவனந்தபுரத்தில் 1880ல் முடிந்த நேப்பியர் அருங்காட்சியகமும் அவருடையது. நேப்பியரைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், கேரளத்துக் கோயிலும் வீடும் போல செங்குத்தாகச் சரிகிற கூரை, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முகடு. ஜி.பி.ஓ. கோபுரங்களின் தலையிலும் அவர் அதே திருவிதாங்கூர் பாணிக் கூரையைத்தான் வைத்தார். இப்போது நிமிர்ந்து பார்த்தால் அது இருக்காது, பிற்காலத்தில் எடுத்துவிட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் கோபுரம் ஏன் சட்டென்று நின்றுவிட்டது போல இருக்கிறது என்பது புரியும். இந்தோ சாரசெனிக் என்றவுடன் முகலாயக் குமிழையும் மினாரையும் மட்டும் தேடுகிறவர்கள் இந்த மனிதர் மலையாளத்துத் தச்சர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதைத் தவறவிடுகிறார்கள், எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. மழைக்குத் தாங்குகிற கூரை எது என்று அந்தத் தச்சர்களுக்குத் தெரிந்த அளவு டெல்லிக்குத் தெரியாது.

உள்ளே: கடிதத்தோடு போவது

எந்தப் பெரிய தபாலாபீஸிலும் நாலு விஷயத்தைத் தேடுங்கள். பொதுமக்கள் நுழைகிற இடம், கவுன்ட்டர், அதற்குப் பின்னால் பிரிக்கிற இடம், பை ஏற்றுகிற பின்வாசல். இந்த நாலும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கும். முன்வாசல் எவ்வளவு அலங்காரமோ பின்வாசல் அவ்வளவு எளிமை. முன்னால் வளைவும் தூணும் படியும், பின்னால் அகலக் கதவு, வண்டி திரும்ப முற்றம், பை இறக்க மேடை. அந்தக் காலத்துக் குதிரை வண்டிக்கும் மாட்டு வண்டிக்கும் விட்ட இடத்தில்தான் பிறகு மெயில் வேன்கள் நின்றன.

கவுன்ட்டர் இருக்கிற கூடத்தில் தலையைத் தூக்கிப் பாருங்கள். உத்தரம் ஏன் அவ்வளவு உயரம்? அரசாங்கத்தின் கம்பீரத்தைக் காட்ட என்று சொல்லிவிடலாம், அது பாதி உண்மை. மீதிப் பாதி மே மாதம். சூடான காற்று மேலே போக வேண்டும், மேலே இருக்கிற சின்னத் திறப்புகள் வழியாக வெளியேற வேண்டும், கீழே நிற்கிற இருநூறு பேரும் அதுவரை மூச்சுவிட வேண்டும். அதே நேரம் பிரிக்கிற மேசையில் காற்று நேரே அடிக்கவும் கூடாது, கடல் காற்றில் போஸ்ட்கார்டு பறந்தால் அன்றைய வேலை போச்சு. உயரத்தில் வென்டிலேட்டர், கீழே தாழ்வாரம் வழியாக வடிகட்டி வருகிற காற்று, இந்த ஏற்பாட்டைப் பழைய அலுவலகக் கட்டடங்கள் பலவற்றில் பார்க்கலாம். தாழ்வாரம் வெயிலையும் தடுக்கும், மழைச் சாரலையும் தடுக்கும், வரிசையில் நிற்பவருக்கு நிழலும் தரும்.

அப்புறம் பணம். மணியார்டர், சேமிப்புக் கணக்கு, தபால்தலை இருப்பு எல்லாமே காசு. அதனால் எந்தத் தபாலாபீஸிலும் ஒரு அறை மற்ற அறைகளைப் போல இருக்காது. ஜன்னல் சிறியது அல்லது இல்லை, கம்பி கனமானது, சுவர் தடிமன், கதவு உள்ளே திறப்பதா வெளியே திறப்பதா என்றுகூட யோசித்திருப்பார்கள். கைவிடப்பட்ட கட்டடத்தில் அந்த அறையைக் கண்டுபிடித்துவிட்டால் மற்ற அறைகளின் வேலையை ஊகிப்பது சுலபம், ஏனென்றால் கஜானா எப்போதும் தபால் மாஸ்டர் கண்ணில் படுகிற தூரத்தில்தான் இருக்கும்.

கேமரா விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கவுன்ட்டரில் பணம் எண்ணிக்கொண்டிருப்பவரைக் கேட்காமல் படமெடுத்தால் அவருக்குக் கோபம் வருவது நியாயம். தபால் அதிகாரி அறைக்குப் போய், எதற்காக என்று சொல்லிக் கேளுங்கள், "எடுத்துக்கோங்க, ஆனா பப்ளிக் முகம் வேண்டாம் சார்" என்கிற மாதிரி பதில் வரலாம், வராமலும் போகலாம். எதிரே துறைமுகம், அந்தப் பக்கம் லென்ஸைத் திருப்ப வேண்டாம். டிரோன் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சுவர் சொல்வதைக் கேட்பது

இந்தப் பகுதிக்குத்தான் பொறுமை வேண்டும், எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

சிவப்பாகத் தெரிவதெல்லாம் செங்கல் இல்லை. பக்கத்தில் போய்ப் பாருங்கள். நிஜச் செங்கல் சுவரில் ஒவ்வொரு கல்லின் நிறமும் கொஞ்சம் வேறுபடும், இடைக்கோடு உள்வாங்கியிருக்கும். பூச்சு மேல் காவி அடித்து வெள்ளைக் கோடு போட்டிருந்தால் நிறம் ஒரே சீராக இருக்கும், கோடு கல்லின் அளவோடு ஒத்துவராது. சென்னையில் இரண்டாவது வகை நிறைய, ஒரே கட்டடத்தில் இரண்டும் கலந்தும் இருக்கும்.

பழைய சுவரின் உயிர் சுண்ணாம்பில் இருக்கிறது. மெட்ராஸில் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு, மணல், சில இடத்தில் செங்கல் தூள் சேர்த்து அரைப்பார்கள்; கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது நம் கொத்தனார்களின் கைப்பாகம். கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு போலக் கொண்டுவந்ததைத்தான் வெளிநாட்டுப் பயணிகள் மெட்ராஸ் சுண்ணாம்பு என்று வியந்து எழுதிவைத்தார்கள். இந்தக் காரைக்கு ஒரு குணம்: ஈரத்தை உள்ளே வாங்கும், வெளியேயும் விடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் தங்கிவிடும், அதோடு வந்த உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, கல்லின் முகத்தை ஏடு ஏடாக உதிர்க்கும். கடற்கரைக் காற்றில் இது இன்னும் வேகம். ஆகவே ஒரு பழைய சுவரில் ஓதம் ஏறி, இடுப்புயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்து, அதற்கு மேல் சாம்பல் நிறத்தில் கெட்டியான திட்டு இருந்தால், யாரோ நல்லெண்ணத்தோடு சிமென்ட் பூசியிருக்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். சோதிக்க சுவரைச் சுரண்ட வேண்டாம், ஏற்கனவே பெயர்ந்து விழுந்த துண்டு தரையில் கிடக்கும், அதைப் பாருங்கள்: காரை விரல் நகத்துக்கே மாவாகும், சிமென்ட் ஆகாது.

அடுத்து மேல்தளம். கான்கிரீட்டுக்கு முந்தைய சென்னைக் கட்டடங்களில் பெரும்பாலும் கட்டைக்குத்துதான், ஊரே மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் கொடுத்த தளம். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய சின்னச் செங்கல்லைக் குத்துவாக்கில், மூலைவிட்டமாக, சுண்ணாம்பில் அடுக்கிக்கொண்டே போவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் தட்டை ஓடு பதிப்பார்கள். கீழே நின்று பார்த்தால் கட்டைகளுக்கு நடுவே சாய்ந்த செங்கல் வரிசை தெரியும், அது தெரிந்தால் அந்தப் பகுதி பழசு. கட்டைக்குப் பதில் இரும்பு உத்தரமும் அவற்றின் நடுவே சின்னச் சின்னச் செங்கல் வளைவுகளும் இருந்தால் அது வேறு முறை, ஜாக் ஆர்ச். அந்த இரும்பின் பக்கவாட்டில் டார்ச்லைட் அடித்துப் பாருங்கள், சில நேரம் தயாரித்த கம்பெனியின் பெயர் புடைப்பெழுத்தில் இருக்கும், டார்மன் லாங் என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படுவது. அது கிடைத்தால் அந்தத் தளம் போட்ட காலத்தை நெருங்கிவிடலாம்.

வாசல், ஜன்னல் தலைப்பைப் பார்ப்பதும் காலம் சொல்லும் குறுக்குவழி. செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டும் வைத்துக்கொண்டு அகலமான திறப்புக்கு மேல் சுவர் எழுப்ப வேண்டுமென்றால் வளைவு கட்டித்தான் ஆக வேண்டும், அது அழகுக்காக மட்டுமல்ல. தட்டையான கான்கிரீட் லின்டலும் மெல்லிய சன்ஷேடும் தெரிந்தால் அந்த ஜன்னல் இருபதாம் நூற்றாண்டில் யாரோ உடைத்து வைத்தது.

இந்தச் சோதனைகளை ஜி.பி.ஓ.வில் செய்யும்போது 2000த்தில் நடந்த தீ விபத்தையும் மனதில் வையுங்கள். பெரிய சேதம், அப்புறம் சீரமைத்தார்கள். அதனால் உள்ளே பழசுக்குப் பக்கத்திலேயே புதுசு இருப்பதைக் கண்டால் குழம்ப வேண்டாம். எது மிச்சம், எது மாற்று என்று பிரித்துப் பார்ப்பதே நல்ல பயிற்சி, இப்படிக் கட்டடம் பார்க்கும் நடைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சுவரைக் கொடுத்து இதைச் செய்யச் சொல்லலாம், பாணிப் பெயரை மனப்பாடம் செய்வதைவிட இதில் ஆர்வமாக இருப்பார்கள்.

போர்டு இல்லாத பழைய தபாலாபீஸ்

பேட்டைகளில் இருந்த சின்னத் தபாலாபீஸ்கள் பல வாடகை வீட்டில்தான் நடந்தன. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் அடுத்த தெருவுக்குப் போய்விடும், வீடு மறுபடி வீடாகிவிடும். அப்படி ஒன்றை அடையாளம் காண சில தடயங்கள் உண்டு. தெருவைப் பார்த்த சுவரில் நெஞ்சு உயரத்தில் ஒரு கிடைமட்டப் பிளவு, அல்லது அதை அடைத்த தழும்பு: தபால் போட்ட வாய் அது. திண்ணையை ஒட்டிய ஜன்னலில் மற்ற ஜன்னல்களில் இல்லாத கம்பிவலை, கை நுழைகிற அளவு அரைவட்டத் துளையோடு. தரையில் ஒரு நேர்கோட்டுக்கு இந்தப் பக்கம் மட்டும் தேய்ந்த செம்மண் ஓடு. கவுன்ட்டர் இருந்த இடம், ஜனங்கள் நின்று நின்று தேய்த்தது. ஒரு தடயம் மட்டும் இருந்தால் நம்பாதீர்கள், கூட்டுறவுப் பண்டகசாலைக்கும் இதே ஜன்னல் உண்டு. இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் விசாரிக்கலாம்.

தெருப் பெயரையும் விடாதீர்கள். மண்ணடியில் போஸ்ட் ஆபீஸ் தெரு என்றே ஒன்று இருக்கிறது. ஆனால் தெருப் பெயர் ஆரம்பப் புள்ளி மட்டும்தான், ஆபீஸ் எந்தக் கதவிலக்கத்தில் இருந்தது என்பதை அது சொல்லாது. அதற்கு அந்தத் தெருவில் ரொம்ப நாளாக இஸ்திரி போடுபவரையோ டீக்கடைக்காரரையோ கேளுங்கள். "ஐயா, இங்க முன்னாடி தபாலாபீஸ் எந்த வீட்டுல இருந்துச்சு?" என்று கேட்டால் கைகாட்டிவிடுவார். "பாரம்பரியக் கட்டடம் ஆராய்கிறோம்" என்று ஆரம்பித்தால் இடம் வாங்க வந்த புரோக்கர் என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார்.

தலைகீழ் உதாரணமும் நம் ஊரிலேயே இருக்கிறது. அண்ணா சாலை தலைமை அஞ்சலக வளாகத்தில் பிலாடெலிக் பீரோ, அதாவது சேகரிப்பாளர்களுக்குத் தபால்தலை விற்கிற பிரிவு, இருக்கிற கட்டடம் தபாலாபீஸாகக் கட்டியதே இல்லை. அது 1913ல் வார்விக் மேஜர் என்பவர் திறந்த எலெக்ட்ரிக் தியேட்டர், மெட்ராஸின் ஆரம்பகால நிரந்தர சினிமாக் கொட்டகைகளில் ஒன்று. இரண்டே வருஷத்தில், 1915ல், தபால் துறை வாங்கிக்கொண்டது. ஜி.பி.ஓ.வைப் பார்த்த கையோடு அங்கே போங்கள், மேலே சொன்ன நாலு விஷயத்தையும் தேடிப் பாருங்கள். அந்த வரிசை அங்கே ஒட்டாது. ஒட்டாமல் போவதுதான் பாடம்: கட்டடம் வேறு வேலைக்குப் பிறந்தது. இப்போது தபால்தலை விற்கிற இடத்தில் நின்றுகொண்டு திரை எந்தப் பக்கச் சுவரில் இருந்திருக்கும் என்று யோசிக்கலாம், அங்கே வரும் தபால்தலை சேகரிப்பாளர்கள் யாரிடமாவது பேச்சுக் கொடுத்தால் அரை நாள் போய்விடும்.

காகிதத்தில் தேடுவது

அந்தச் சேகரிப்பாளர்கள் இன்னொரு விதத்திலும் உதவுவார்கள். பழைய உறை, போஸ்ட்கார்டு மேல் விழுந்த முத்திரையில் ஆபீஸ் பெயரும் தேதியும் இருக்கும். ஒரு சின்னத் தபாலாபீஸ் எந்த வருஷத்தில் இயங்கிக்கொண்டிருந்தது என்பதற்கு அதைவிட உறுதியான சாட்சி கிடையாது. முத்திரையில் வெறும் பெயர் மட்டும் இருந்தால் பெரும்பாலும் பழசு, ஆறு இலக்கப் பின்கோடும் சேர்ந்து இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகு. ஜி.பி.ஓ.வுக்கு 600001, அண்ணா சாலைக்கு 600002 என்பது எல்லாருக்கும் தெரியும்.

கட்டடத்தின் படத்துக்கு வீலே அண்ட் க்ளைன் போன்ற பழைய மெட்ராஸ் ஸ்டூடியோக்கள் வெளியிட்ட பட போஸ்ட்கார்டுகளைத் தேடுங்கள், இணையத்தில் ஏலத் தளங்களில் நல்ல ஸ்கேன் கிடைக்கும். ஜி.பி.ஓ. கோபுரத்தின் தலையில் எது இருந்தது என்று தேட வேண்டிய இடமும் அதுதான். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பொதுப்பணித் துறையின் பழைய அரசாணைகள் உண்டு, போகும்போது ஆண்டையும் துறையையும் தெரிந்துகொண்டு போனால்தான் வேலை நடக்கும், "ஜி.பி.ஓ. பற்றி ஏதாவது" என்று கேட்டால் எந்த அலுவலராலும் உதவ முடியாது. கன்னிமாரா நூலகத்தில் பழைய மெட்ராஸ் டைரக்டரிகளைக் கேட்டுப் பாருங்கள், தெரு வாரியாக யார் எங்கே இருந்தார்கள் என்பது அவற்றில் வரும். தபால் மத்திய அரசுத் துறை என்பதால் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தையும் ஒருமுறை துழாவலாம், வீட்டிலிருந்தே. தனியார் வீட்டில் நடந்த ஆபீஸ் என்றால் வில்லங்கச் சான்றிதழில் பழைய குத்தகைப் பதிவு ஏதாவது இருக்க வாய்ப்புண்டு, ஆனால் அதற்கு சர்வே எண் தெரிய வேண்டும், வீட்டுக்காரர் ஒத்துழைக்க வேண்டும்.

எனக்கு அதிகம் பலன் தந்தது வரைபடம். பழைய டவுன் சர்வே படத்தையும் இன்றைய சாட்டிலைட் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பின்முற்றத்தைப் பாருங்கள். முகப்பை யாரும் அவ்வளவு சீக்கிரம் தொட மாட்டார்கள், முற்றத்தைத்தான் முதலில் ஷெட் போட்டு நிரப்புவார்கள். எத்தனை சதவீதம் மூடப்பட்டிருக்கிறது என்று கண்ணளவில் குறித்துக்கொள்ளுங்கள், மழைநீர் எங்கே தேங்குகிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

கட்டடம் கைமாறப் போகிறது என்று கேள்விப்பட்டால்

சிங்கப்பூர் போகிறவர்கள் ஃபுல்லர்டன் ஹோட்டலை வெளியிலிருந்தாவது பார்த்திருப்பீர்கள். 1928ல் திறந்த கட்டடம், 1996 வரை அந்த நாட்டின் பொதுத் தபாலாபீஸ் அங்கேதான், 2001ல் ஹோட்டலானது. கப்பலில் வருகிற தபாலைக் கொண்டுவர அருகிலிருந்த படகுத்துறைக்கும் கட்டடத்துக்கும் நடுவே சுரங்கவழி வைத்துக் கட்டினார்கள். தூணையும் முகப்பையும் பார்த்து யாரும் இதை ஊகிக்க முடியாது, வேலையைக் கேட்டால்தான் வெளியே வரும். ஒரு தபாலாபீஸ் வேறு உபயோகத்துக்குப் போகும்போது முகப்பைக் காப்பாற்றிவிட்டோம் என்று எல்லாரும் திருப்தியாகிவிடுகிறார்கள். கவுன்ட்டர் கூடத்தின் உயரத்தை இரண்டாக வெட்டி நடுவே பொய்த்தளம் போடுவதும், தபால் வாயை அடைப்பதும், பின்முற்றத்தில் ஜெனரேட்டர் வைப்பதும் யார் கண்ணையும் உறுத்துவதில்லை. இந்த மூன்றையும்தான் நீங்கள் முதலில் கேட்க வேண்டும்.

சென்னையில் இதற்கு வழி இருக்கிறது. நீதிபதி பத்மநாபன் குழு தயாரித்த 467 கட்டடங்கள் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு, அதில் உங்கள் கட்டடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இடிக்கவோ பெரிதாக மாற்றவோ சி.எம்.டி.ஏ.வின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) பாரம்பரியப் பாதுகாப்புக் குழு வழியாக வர வேண்டும். இல்லையென்றால் நீங்கள் எடுத்த படமும் குறிப்பும் வரைபடமும் சேர்த்து அந்தக் குழுவுக்கு எழுதலாம், பாரம்பரியப் பாதுகாப்புக்காக இயங்குகிற இன்டாக் அமைப்பின் சென்னைக் கிளைக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

கட்டடம் தபால் துறையிடமே இருந்தால் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுவது நல்லது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். கேள்வியைப் பொதுவாக வைக்காதீர்கள், "பாரம்பரியத்தைக் காக்க என்ன நடவடிக்கை" என்று கேட்டால் "உரிய நடவடிக்கை எடுக்கப்படுகிறது" என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். கட்டடத்தின் அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் நகல், கடைசியாக நடந்த பழுதுபார்ப்பின் மதிப்பீட்டு நகல், அதில் சுவர்ப்பூச்சுக்கு எந்தப் பொருள் குறிப்பிட்டிருக்கிறது, இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு சிமென்ட் என்று பதில் வந்தால் அடுத்த கடிதத்தைத் தொடங்க அதுவே போதும்.